மூன்றாம் வாயிலின் வசனம்

என்னோடு ஒத்த வயதினராகிய அன்பர்களே, மார்கழிப் பனி வருவதை நாட்காட்டிக்கு முன்னரே முழங்கால்கள் அறிவித்துவிடும் பருவத்தை நாம் அடைந்துவிட்டோம். விடிவதற்கு வெகு முன்னரே விழிப்பு வந்துவிடுகிறது. விழித்தபின் நம்மை நம்பி எந்த வேலையும் காத்திருப்பதில்லை. அத்தகைய வேளைகளில் என் மனம் தவறாமல் செஞ்சிக்குச் சென்றுவிடுகிறது. அங்கே நான் சிறுமியாக இருந்தபோது வந்த ஒரு கிறிஸ்துமஸ் பருவத்தைப் பற்றி நன்றியுடன் எழுதிவைக்க விரும்புகிறேன்.

அது அறுபதுகளின் நடுப்பகுதி. அரிசி அரிதாகி, ரேஷன் கடை வாசலில் ஊரே பையோடு நின்ற காலம். என் தாயை நான் அறியேன். நைனாவை, அதாவது தந்தையை, அறிவேன். பாறை உடைக்கும் வேலை செய்தவர். அவர் சட்டையை உதறினால் வெள்ளைத் தூள் பறக்கும். ஒரு மழைக்காலக் காய்ச்சலில் அவரும் போய்விட்டார். அதன்பின் அவருடைய அக்காள், அதாவது என் அத்தை, என்னை அழைத்துவந்து வைத்துக்கொண்டார். அத்தை கணவரை இழந்தவர், பிள்ளை இல்லை. கடைத்தெருவுக்குப் பின்னால், கோட்டை மலை நேர் எதிரே தெரியும் ஒற்றை அறை ஓலை வீட்டில் நாங்கள் இருவரும் வாழ்ந்தோம்.

அத்தையின் நாக்கைக் கடைத்தெரு முழுவதும் அறியும். எடை குறைத்த வியாபாரியும், வழியில் மாட்டைக் கட்டியவரும், குழாயடியில் முந்திய பெண்ணும் அதன் ருசியைக் கண்டவர்கள். என்னை அவர் பெயர் சொல்லி அழைத்ததாக நினைவில்லை. “ஏ கழுதை” என்றால் நான். “ஏ சனியனே” என்றாலும் நான்.

எங்கள் பிழைப்பு மல்லாட்டை உரிப்பது. நிலக்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். மண்டிக்காரர் மூட்டையை வீட்டில் இறக்கிவிட்டுப் போவார். விதைக்குரியது ஆதலால் பருப்பின் செந்தோல் கீறாமல் கையாலேயே உரிக்க வேண்டும். கட்டைவிரல் நுனி காய்த்துப்போகும். மார்கழிக் குளிரில் வெடித்தும்போகும். உரித்த தோலே எங்கள் அடுப்புக்கு எரிபொருள். அந்தப் புகையின் எண்ணெய் மணம் என் தலைமுடியில் எப்போதும் இருந்தது. பள்ளியில் என் பக்கத்தில் அமர்ந்த பெண், “உன்கூட உக்காந்தா பசி எடுக்குதுடி” என்பாள்.

இவ்வேலைக்கு ஒரு விதி உண்டு. உரிப்பவர் வாய் சும்மா இருக்கக் கூடாது. சும்மா இருக்கும் வாய் தின்னும். தின்றால் மண்டியில் அளவு குறையும். ஆகையால் உரிக்கும் வீடுகளில் பிள்ளைகளைப் பாடச் சொல்வார்கள், வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வார்கள். நான் வாய்மூடிய கணமே, “சத்தத்தைக் காணோமே, இன்னா மெல்லற?” என்று அத்தையின் குரல் வரும்.

நான் படித்தது தேவாலயத்தை ஒட்டிய பள்ளி. நாங்கள் அங்காளம்மனைக் கும்பிடுகிறவர்கள். அத்தை அமாவாசைதோறும் மேல்மலையனூருக்குப் போய்வருவார். எனினும் அப்பள்ளியில் மதியம் மஞ்சள் மக்காச்சோள உப்புமாவும் பால்பவுடர் கரைத்த பாலும் கிடைத்தன. வேறு காரணம் அத்தைக்குத் தேவைப்படவில்லை. அந்தப் பாலின் அடியில் கரையாமல் திரண்டு நிற்கும் இனிப்புக் கட்டிகளை விரலால் வழித்து நக்கிய சுகத்தை, இன்றைய எந்தப் பலகாரமும் எனக்குத் தந்ததில்லை.

பால்பவுடர் டப்பாக்களை ஜீப்பில் கொண்டுவருபவர் ஒரு சிஸ்டர். திண்டிவனம் பக்கத்தில் ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்றை நடத்திவந்தார். அந்த ஆண்டு ஐப்பசியில் அவர் எங்கள் வீட்டுக்கே வந்தார். நான் மூட்டைக்குப் பின்னால் அமர்ந்து உரித்துக்கொண்டிருந்தேன்.

“அங்க பொண்ணுக்குக் கட்டில் இருக்கு, மூணு வேளை சாப்பாடு இருக்கு, பெரிய படிப்பு வரைக்கும் படிக்கலாம். யோசிச்சுச் சொல்லுங்கம்மா” என்றார் சிஸ்டர்.

அத்தை உரித்த தோலைக் கையால் கூட்டி ஒதுக்கினார். பிறகு, “பண்டிகை போவட்டும் சிஸ்டர். அப்புறம் பாக்கலாம்” என்றார்.

எதற்கும் சண்டைக்கு நிற்கும் அத்தை, இதற்கு மட்டும் சண்டை போடவில்லை. அன்று முதல் கிறிஸ்துமஸ் எனக்குப் பண்டிகையாகத் தோன்றவில்லை; வீட்டைவிட்டு அனுப்பப்படும் நாளாகவே தோன்றியது. இரவில் அத்தையின் முதுகுப்பக்கம் ஒட்டிக்கொண்டு படுப்பேன். “மேல ஏறாத, எருமை” என்பார். ஆனால் நகரமாட்டார்.

கார்த்திகை கடைசியில் எங்கள் வாத்தியார் ஒரு நாடகம் எழுதினார். கதை அவருடைய சொந்தக் கற்பனை. குழந்தை இயேசு எங்கள் கோட்டை மலையின் அடிவாரக் குகையிலேயே பிறந்துவிடுகிறார். பனியில் குழந்தை நடுங்குகிறது. ஊரில் எவர் வீட்டிலும் நெருப்பில்லை. மலையுச்சியில் ராஜா காக்கும் தீ மட்டுமே உண்டு. மூன்று வாயில்களைக் கடந்து அதைக் கொண்டுவரப் பெரியவர்கள் அஞ்சுகிறார்கள். ஓர் அநாதைச் சிறுமி புறப்படுகிறாள். முதல் வாயிலில் பசியும் இரண்டாவதில் காற்றும் அவளைச் சோதிக்கின்றன. மூன்றாவதில் காவலன் கேட்கிறான்: “இப்பாறையில் வழுக்கி வீழ்ந்தால் உன்னைத் தேடுவோர் யார்?” அவள் தயங்காமல் விடை சொல்கிறாள். அந்தத் துணிவைக் கண்டு வாயில் திறக்கிறது.

அவ்விடை மூன்று சிறு வாக்கியங்களால் ஆனது. முதலாவது, எனக்குத் தாய் இல்லை. இரண்டாவது, தந்தை இல்லை. மூன்றாவது, தன்னைத் தேடும் மனிதர் உண்டா என்பதற்கான விடை. அதன் பொருள் உங்களுக்கு விளங்கும். அதன் சொற்களை நான் இங்கே எழுதப்போவதில்லை.

நாடகத்துக்குத் தேவதைகள் கிடைத்தார்கள், மேய்ப்பர்கள் கிடைத்தார்கள். அநாதை மட்டும் கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்துக் கூத்தில் ஒப்பாரி வேடம் கட்டுபவர்கூடச் சூடம் ஏற்றித் தேங்காய் உடைத்த பிறகே வாய் திறப்பார். ஆட்டக்களத்தில் சொன்ன சொல் வீடு வரை வந்துவிடும் என்ற அச்சம் ஊரில் அனைவருக்கும் இருந்தது. இதில் எந்த மதத்தாரும் வேறுபடவில்லை. தபால்காரர் வீட்டம்மா ஞாயிறு தவறாமல் தேவாலயப் பூசைக்குப் போகிறவர். வாத்தியார் அவர் மகளைக் கேட்டபோது நானும் அங்கே நின்றிருந்தேன்.

“ஐயா, நாங்க ரெண்டு பேரும் கல்லு மாதிரி குந்திக்கினு இருக்கறோம். எங்க எதிர்லயே எங்க புள்ளைய தாய் இல்ல, தகப்பன் இல்லன்னு சொல்லச் சொல்றீங்களே, இது நல்லாருக்குதா?”

“அது நாடகம்தானேம்மா.”

“நாடகமா இருந்தா இன்னா? வாயில வந்தது வந்ததுதான். ரெக்கை கட்ற வேசம் குடுங்க, சந்தோசமா அனுப்பறேன்.”

எல்லா வீடுகளிலும் இவ்வாறே ஆயிற்று. இறுதியில் ஒரு மாலை வாத்தியார் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினார். அத்தை முறத்தில் பருப்பைப் புடைத்துக்கொண்டிருந்தார். வாத்தியார் நல்ல மனிதர், எனக்கு எழுத்தறிவித்தவர். எனினும் அன்று அவர் சொன்னது இதுதான்: “இந்தப் புள்ளைக்குத்தான் அந்த வசனத்தால கெடுதல் ஒண்ணும் இல்லியேம்மா. சொன்னா யாருக்கு இன்னா ஆவப்போவுது?”

முறம் நின்றது. பருப்பு ஒரு பக்கமாகச் சரிந்தது. அத்தை அவரை ஏறிட்டுப் பார்த்தார். ஒரு பெரும் வசவு வரப்போகிறது என்று நான் காதைத் தீட்டிக்கொண்டேன். வரவில்லை.

“இட்டுக்கினு போங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு மீண்டும் புடைக்கத் தொடங்கினார்.

எனக்கோ பெருமை தாங்கவில்லை. இன்னொரு கணக்கும் என் சிறு மூளையில் ஓடியது. சிஸ்டர் நாடகம் பார்க்க வருவார். முன் வரிசையில் அமர்வார். நான் அந்த மூன்று வாக்கியங்களை நன்றாகச் சொன்னால் இல்லத்தில் என்னை நல்லபடி நடத்துவார்கள். எப்படியும் போகத்தான் வேண்டும் எனில், மதிப்போடு போவோம் என்று எண்ணினேன்.

ஒத்திகைகள் நடந்தன. பள்ளியின் ஓரத்தில் இயேசு பிறப்பைக் காட்டும் குடிலும் எழுந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மலையென்றால் ஒரே மலைதான். கஞ்சியில் ஊறிய காகிதத்தைக் கசக்கி, கரித்தூள் பூசி, பாறைமேல் பாறையாக அடுக்கி, உச்சியில் தீப்பெட்டியால் ஒரு கோட்டையும் வைத்தோம். அடிவாரத்தில் கேழ்வரகு விதைத்துப் பச்சைப்பசேலென்று வயலும் வளர்த்தோம். ஒரு காலையில் கோட்டையிலிருந்து குரங்குகள் இறங்கிவந்து வயலை முழுவதும் தின்றுவிட்டு, காகித நட்சத்திரத்தையும் எடுத்துக்கொண்டு ஆலமரத்தில் ஏறிவிட்டன. சைக்கிள் கடைக்காரர் மகன் கையில் ஒரு கழியைக் கொடுத்து வாத்தியார் அவனைக் காவலுக்கு வைத்தார். அவன் போட்ட அதட்டலில் குரங்குகளோடு சேர்ந்து முதல் வகுப்புப் பிள்ளைகளும் ஓடினார்கள். “மூணாம் வாயில் காவலன் நீதாண்டா” என்று வாத்தியார் அங்கேயே முடிவு செய்தார்.

மாலையில் வீட்டில் மல்லாட்டை உரிக்கும்போது, வாய் சும்மா இருக்கலாகாது என்பதால், அத்தை என்னை வசனங்களையே சொல்லச் சொன்னார். முதல் வாயில் சொல்வேன்; விரல்கள் ஓடும். இரண்டாம் வாயில் சொல்வேன். மூன்றாம் வாயில் வரும். தாய் இல்லை, தந்தை இல்லை என்று நான் சொல்லி முடிக்கும் நேரத்தில் அத்தை கையில் நாலு பருப்பு இருக்கும். “இந்தா, வாயைத் திற” என்று என் வாயில் போட்டுவிடுவார்.

தின்னக் கூடாது என்பதற்காகவே பேசச் சொல்பவர் அவ்விடத்தில் மட்டும் தாமே ஊட்டினார். நன்றாகச் சொன்னதற்குப் பரிசு என்று நான் நினைத்தேன். மென்று விழுங்கியபின், “அப்புறம் முதல்லேர்ந்து சொல்லு” என்பார். இவ்வாறு பல மாலைகள் கழிந்தன. பள்ளி ஒத்திகையில் கணீரென்று ஒலித்த அந்த மூன்றாவது வாக்கியம், எங்கள் வீட்டுக் கூரைக்குக் கீழே ஒருமுறைகூட ஒலிக்கவில்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

என் வேடத்துக்கு ஒரு சாக்கு. தலைக்கும் கைகளுக்கும் ஓட்டை வெட்டி வரும்படி வாத்தியார் வீட்டுக்கு அனுப்பினார். ஒருமுறை போட்டுப் பார்த்தபோது கழுத்தும் அக்குளும் அரித்து, இரவு முழுவதும் சொறிந்தேன். “ராணி ஒடம்பு, சாக்கு ஒத்துக்கலையாம்” என்று அத்தை ஏசினார். அதன்பின் சாக்கு பெட்டிக்குள் போய்விட்டது.

நாடகத்துக்கு அத்தை வருவாரா என்று கேட்டேன். “கூத்துப் பாக்க எனக்கு ஏது நேரம்? மூட்டை யாரு உரிக்கறது, உங்க வாத்தியாரா?” என்றார்.

கிறிஸ்துமஸ் மாலை. பெஞ்சுகளைச் சேர்த்துக் கட்டிய மேடை. இரு பக்கமும் இரைச்சலிட்ட பெட்ரோமாக்ஸ் விளக்குகள். பின்னால் மெய்யான மலை கறுத்துக்கொண்டிருந்தது. தேவதைகள் ஜிகினாத்தாள் இறக்கைகளுடன் மினுமினுத்தார்கள். காவலர்களுக்குக் கூத்துக்காரர்களிடம் இரவல் வாங்கிய கிரீடங்கள். மலையுச்சித் தீக்காக, மளிகைக்கடை அம்மா தம் வீட்டு டார்ச் விளக்கைக் கொடுத்திருந்தார். அதைச் சிறு மண்சட்டியில் வைத்துச் சிவப்புத் தாளால் மூடியிருந்தோம்.

நான் மறைவில் நின்று சாக்கைத் தலைவழியே இறக்கினேன். அரிக்கவில்லை. கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். கழுத்திலிருந்து முழங்கால் வரை உட்புறம் முழுவதும் மெல்லிய துணி வைத்து, சிறு சிறு தையலாகத் தைத்திருந்தது. குனிந்து மோந்தேன். சூடமும் குங்குமமும் மணத்தன. துணி நீல நிறம். மேல்மலையனூர் அமாவாசைக்கு மட்டும் அத்தை கட்டிக்கொண்டு போகும் ஒரே நல்ல புடவை அது. நான் அப்படியே நின்றுவிட்டேன். “போடி, உன் கட்டம் வந்துட்டுது” என்று ஒரு தேவதை என்னை முதுகில் தள்ளினாள்.

முதல் வாயிலில் ரொட்டி காட்டினார்கள், வேண்டாம் என்றேன். இரண்டாம் வாயிலில் போர்வையை உதறிப் புயல் எழுப்பினார்கள்; தலை குனிந்து நடந்தேன். முன் வரிசையில் சிஸ்டர் புன்னகையுடன் தலையசைத்தார். மூன்றாம் வாயிலில் சைக்கிள் கடைக்காரர் மகன், கிரீடம் காதுவரை இறங்கிய நிலையில், கழியைத் தரையில் ஓங்கித் தட்டினான்.

“இப்பாறையில் வழுக்கி வீழ்ந்தால் உன்னைத் தேடுவோர் யார்?”

“எனக்குத் தாய் இல்லை” என்றேன். கூட்டம் அடங்கியது. “தந்தை இல்லை” என்றேன்.

அப்போது கூட்டத்துக்குப் பின்னால், வேப்பமரத்தடியில், மளிகைக்கடை அம்மாவின் பக்கத்தில் அத்தையைக் கண்டேன். வரமாட்டேன் என்றவர் வந்திருந்தார். இரண்டு உள்ளங்கைகளாலும் காதுகளை இறுகப் பொத்தியிருந்தார். கண்கள் மூடியிருந்தன. உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. மலையனூர் அம்மனை வேண்டிக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

தபால்காரர் வீட்டம்மா எதற்கு அஞ்சினாரோ அதற்கே என் அத்தையும் அஞ்சி நின்றார். பெற்ற பிள்ளை வாயில் அச்சொல் வந்துவிடக் கூடாதே என்று ஊர்த் தாய்மார் பதறியபோது, என் வாயில் வந்தால் கெடுதல் யாருக்கும் இல்லை என்று வாத்தியார் கணக்கிட்டார். அந்த ‘யாருக்கும்’ என்பதற்குள் தாம் இருப்பதை அத்தை எவரிடமும் சொல்லவில்லை. ஆகவேதான் பல மாலைகள் பருப்பைக் கொண்டு என் வாயை அடைத்தார். அன்று அடைக்க வழியின்றித் தம் காதை அடைத்துக்கொண்டார். இவ்வளவையும் வரிசையாக அன்று நான் எண்ணினேன் என்று சொன்னால் பொய். மூன்றாவது வாக்கியம் வரவேண்டிய இடத்தில் என் வாய் பருப்புக்காகக் காத்திருந்தது, அவ்வளவே.

திரைக்குப் பின்னாலிருந்து வாத்தியார் அந்த வாக்கியத்தைக் கிசுகிசுத்தார். மீண்டும் கிசுகிசுத்தார். சைக்கிள் கடைக்காரர் மகன் குனிந்து, “சொல்லேண்டி, கிரீடம் கனக்குது” என்று பல்லைக் கடித்தான். பிறகு உரக்க, “தேடுவோர் யார்?” என்று மறுபடியும் கழியைத் தட்டினான்.

“எங்க அத்தை இருக்குது” என்றேன்.

காவலனுக்கு அடுத்து என்ன சொல்வது என்று எழுதித் தரப்படவில்லை. ஆனால் அவன் குரங்கு விரட்டியவன், எதற்கும் அசரமாட்டான்.

“அத்தையா? மல்லாட்டை உரிக்கிற அத்தையா?” என்று கிரீடத்தை நிமிர்த்திக்கொண்டான். “ஐயையோ! நீ வுழுந்துட்டா அது மலைமேல ஏறி வந்து என்னைத்தான் உதைக்கும். தீயை எடுத்துக்கினு பாத்துப் போ தாயே!” என்று வாயிலை அகலத் திறந்துவிட்டான்.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. நான் சட்டியை ஏந்திக்கொண்டு இறங்கிவந்து குடிலின் முன் வைத்தேன். சிவந்த வெளிச்சம் காகிதப் பாறைகளின்மேல் படர்ந்தது. தேவதைகள் பாடினார்கள்.

பின்னால் நடந்ததை மளிகைக்கடை அம்மா வெகு காலம் கடையில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அதனால் நானும் அறிந்தேன். காதைப் பொத்தியிருந்த அத்தை, கண்ணைத் திறந்து சனங்கள் குலுங்குவதைக் கண்ட பின்னரே கையை எடுத்திருக்கிறார்.

“இன்னாக்கா சிரிக்கிறாங்க? புள்ளை தப்பாச் சொல்லிடுச்சா?”

“தப்பாத்தான் சொல்லிச்சு. தேடறதுக்கு எங்க அத்தை இருக்குதுன்னுச்சு.”

அத்தை முந்தானையால் முகத்தை மட்டும் துடைத்துக்கொண்டாராம்.

நாடகம் முடிந்ததும் சிஸ்டர் அத்தையிடம் வந்தார். நான் சாக்கோடு நடுவில் நின்றேன்.

“தை மாசம் ஜீப் கொண்டுவரலாம்னு இருந்தேன்” என்றார் சிஸ்டர். “எங்க இல்லம் ஆளில்லாத பிள்ளைங்களுக்கு. இவளை நான் எப்படிச் சேர்க்கறது?”

அத்தை தரையைப் பார்த்தார். “எங்களுது கூழு வீடு சிஸ்டர். அங்கன்னா மூணு வேளை சோறு, படிப்பு... இதாவது நல்லாருக்கட்டும்னுதான் அன்னிக்கு வாயை மூடிக்கினு இருந்தேன்.”

“கூழுல கலக்கப் பால்பவுடர் அனுப்பறேன். வச்சுக்கோங்க” என்றார் சிஸ்டர். என் தலையில் கைவைத்தார். தம் சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். அவர் மாற்றலாகிப் போகும்வரை எங்கள் வீட்டுக்கென்று தனியாக ஒரு டப்பா வந்துகொண்டிருந்தது. அந்த அம்மையாருக்கு என் வணக்கம் என்றும் உரியது.

இல்லத்துக்குச் சென்றிருந்தால் நான் பெரிய படிப்புப் படித்திருக்கலாம் என்று உங்களில் சிலர் கருதக்கூடும். கருதுவதில் தவறில்லை. என் பள்ளி ஐந்தாம் வகுப்போடு நின்றது. அதற்குமேல் அறிந்ததெல்லாம் மளிகைக்கடைப் பொட்டலத் தாள்களில் தொடங்கி நானே தேடிப் படித்தது. இருந்தும், எந்தப் பட்டத்தையும் அந்த ஓலை வீட்டுக்கு ஈடாக என்னால் வைக்க இயலவில்லை.

அன்று திரும்பும் வழியெல்லாம் அத்தை என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். “வாத்தியாரு கண்ணு நோவ எழுதினாரு. ஒத்த வார்த்தை, அதைச் சொல்லத் துப்பில்ல. ஊரே சிரிக்குது. இன்னா பொண்ணோ நீ.” என் மணிக்கட்டைப் பிடித்த பிடி மட்டும் தளரவில்லை. மண்டி முனையில் நின்று, மடியிலிருந்து எதையோ எடுத்தார். “வாயைத் திற, கழுதை.” வறுத்த மல்லாட்டை. விதைப் பருப்பை வறுத்திருந்தார்.

அடுத்த அமாவாசைக்கு அவர் அன்றாடப் புடவையிலேயே மலையனூர் போனார். அந்தச் சாக்கு பின்னர் எங்கே போயிற்றோ தெரியாது. டார்ச் விளக்கு, கிரீடம், காகித மலை எதுவும் இன்றில்லை. அத்தையும் என் மடியில் தலைவைத்தே கண்மூடி நெடுங்காலம் ஆகிறது.

எனவே இனி அந்த மூன்றாவது வாக்கியத்தை எழுதினால் அவருக்குக் கெடுதல் ஒன்றுமில்லை. முடிவில் எழுதிவிடலாம் என்று எண்ணிப் பேனாவை இப்பக்கத்தின்மேல் வைத்துக்கொண்டுதான் இருந்தேன். அதற்குள் உள்ளிருந்து மருமகளின் குரல் வருகிறது.

“அத்தை, எங்க இருக்கறீங்க? வீடு பூரா தேடறேன். பனியில குந்தாதீங்க, உள்ள வாங்க.”

பேனாவை மூடிவிட்டேன்.